செக்கலுக்கு முன் ஹபரணையைத் தாண்டுங்கள்

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கொழும்புக்குள் போய் மாட்டாமல் காலிக்குப் போகலாமா, கண்டி டவுனைத் தொடாமல் பேராதனைக்குப் போகலாமா, கட்டுநாயக்கவுக்கு எந்த வழி லேசு என்று. பள்ளிக்கூட விடுமுறை கிட்ட வருகிறது, கலியாண நாட்களும் வருகின்றன, அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு றோட்டுக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். பல வருடம் வான் ஓட்டிய பழக்கத்தில் சொல்கிறேன், படித்துவிட்டு உங்கள் குடும்பத்துக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிட வேண்டும், கீழே எல்லாப் பதிலிலும் அது வரும். மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து மேற்கே எந்த வழியால் போனாலும் ஏதோ ஒரு காட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். வாழைச்சேனை வழியால் போனால் வெலிக்கந்தையும் மின்னேரியாவும், பதுளை வீதியால் போனால் புல்லுமலைக்கு அங்கால், பொத்துவில் வழியால் போனால் லாகுகலை. நகரத்தை விலத்துவதற்கு நாம் பார்ப்பது தூரத்தை. யானை றோட்டுக்கு வருவது நேரத்தைப் பார்த்து. ஆகவே எந்த றோட்டு என்று முடிவெடுக்கும் முன், செக்கல் பொழுதில் நாம் எந்த இடத்தில் நிற்போம் என்பதை முடிவெடுங்கள். நம்முடைய பக்கம் ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் இருட்டிவிடும். அந்த நேரம் ஏதாவது ஒரு ஊருக்குள் இருக்கிற மாதிரிப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு வந்தால், எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

காலியில் மாமாவின் மகளுக்குக் கலியாணம். ஒன்பது பேர், ஒரு வான், கூட 74 வயது அம்மா. வாகன நெரிசலில் நின்றால் அம்மாவுக்குத் தலைச்சுற்று வந்துவிடும். கொழும்பைத் தொடாமல் போக வேண்டும். குருநாகல் போய் ஹைவேயில் ஏறலாம் என்கிறார் கணவர். பொத்துவில் பக்கத்தால் போகலாம் என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, கல்லடி

அக்கா, இரண்டு வழியும் கொழும்பு நகரத்துக்குள் போகாது. ஆனால் உங்கள் அம்மாவை நினைத்துப் பார்த்தால் நான் தம்பியின் பக்கம்தான் நிற்பேன்.

உங்கள் கணவர் சொல்கிற வழியை முதலில் பார்ப்போம். வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். குருநாகலில் இருந்து மீரிகம வரை மத்திய அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் இருந்து ஓடுகிறது, நல்ல பாதை, அந்தத் துண்டு கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். மீரிகமவில் இறங்கிப் பஸ்யாலைக்கு வந்து கண்டி வீதியில் ஏறி, நிட்டம்புவ, யக்கல, மிரிஸ்வத்தை என்று கடவத்தை வரை ஊர்ந்து போக வேண்டும். கடவத்தையில் வெளிச்சுற்று வட்ட அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் கடுவெல, அத்துருகிரிய, கொட்டாவ என்று கொழும்பின் முதுகுப் பக்கத்தால் சுற்றிப் போய், கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடித்து நேரே காலி பின்னதுவைக்கு இறங்கலாம். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும். கொழும்பின் நெரிசல் கொழும்பு எல்லையிலா தொடங்குகிறது? நிட்டம்புவையிலேயே தொடங்கிவிடும். நகரத்துக்குள் போகவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, நகரத்தின் நெரிசல் வெளியே வந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துண்டைக் காலை வேலைக்குப் போகிற நேரத்திலோ பின்னேரம் வேலை விட்டு வருகிற நேரத்திலோ கடக்க நேர்ந்தால் அம்மாவுக்கு எது வரக்கூடாது என்று பார்க்கிறீர்களோ அதுதான் வரும். இந்த வழியால்தான் போக வேண்டும் என்றால் காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில் அந்தத் துண்டு வருகிற மாதிரிப் பாருங்கள்.

இப்போது தம்பியின் வழி. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், லாகுகலை, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய, அங்கிருந்து தெற்கே திரும்பித் தணமல்வில, அப்புறம் அம்பாந்தோட்டைப் பக்கம். 2020 பெப்ரவரியில் தெற்கு அதிவேகப் பாதையை மாத்தறையில் இருந்து அம்பாந்தோட்டை, மத்தள வரை நீட்டித் திறந்தார்கள். அதற்கு முன் இந்த வழியால் காலிக்குப் போகிறவர்கள் தங்காலை, மாத்தறை, வெலிகம என்று கரையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று போக வேண்டும். இப்போது அம்பாந்தோட்டைப் பக்கத்தில் ஏறினால் பின்னதுவையில்தான் இறங்க வேண்டும். நமது கிழக்கு மாகாணத்துக்கு அந்தப் பாதையால் கிடைத்த நன்மையை நம்மவர்கள் பலர் இன்னும் கவனிக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, காலி என்றாலே கொழும்பு வழி என்று வாய் பழகிவிட்டது. மொத்தத் தூரம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். கொழும்பைச் சுற்றிப் போகிற வழியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நெரிசல் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நெரிசல் இருப்பதென்றால் நம்முடைய ஊரிலேயேதான். காத்தான்குடி தொடங்கிக் களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை கடை, பள்ளிக்கூடம், ஆட்டோ, மாடு எல்லாம் ஒரே றோட்டில். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் இந்த ஊர்கள் எழும்பும் முன் அக்கரைப்பற்றைத் தாண்டிவிடலாம். ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு நடுவில் போக வேண்டும், அதில் அவசரப்படவும் கூடாது. வெள்ளிக்கிழமை திரும்பி வருவதென்றால் ஜும்மா நேரத்தைக் கணக்கில் எடுங்கள், பன்னிரண்டில் இருந்து ஒன்றரை வரை அந்த ஊர்களின் பள்ளிவாசல் வாசலில் வாகனம் மெதுவாகத்தான் நகரும், நகரவும் வேண்டும்.

மிச்சக் கரையோர ஊர்கள் வேண்டாம் என்றால் காரைதீவில் வலது பக்கம் திரும்பி, சம்மாந்துறையால் அம்பாறைக்குப் போய், தமணை வழியாகச் சியம்பலாண்டுவைக்கு ஏறலாம். பொத்துவிலும் லாகுகலையும் இதில் வராது. ஆனால் அதுவும் யானை நடமாடுகிற றோட்டுத்தான். அறுவடைக் காலத்தில், பெரும்போகத்துக்கு மாசி பங்குனியிலும் சிறுபோகத்துக்கு ஆவணிப் பக்கத்திலும், றோட்டின் ஒரு பாதியில் நெல் காயும், வெட்டு மெசின் ஏற்றிய லொறி குறுக்கே வரும். நெல்லின் மேல் ரயரை ஏற்றாதீர்கள். அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.

நேரத்தைச் சொல்கிறேன். ஐந்துக்கு வெளிக்கிட்டால் பொத்துவிலை ஏழரை மணிப் பக்கம் கடக்கலாம். லாகுகலைக் குளத்தருகில் அந்நேரமும் யானை நிற்கலாம், வேகத்தைக் குறையுங்கள், படம் எடுக்க இறங்க வேண்டாம். மொனராகலையில் காலைச் சாப்பாடு, அங்கேயே டீசலும் நிரப்பிவிடுங்கள். ஹைவேயில் ஏறினால் நினைத்த இடத்தில் பெற்றோல் செட் இருக்காது. பின்னதுவையில் இரண்டு அல்லது மூன்று மணிக்கு இறங்கிவிடலாம், அம்மா இரண்டு இடத்தில் இறங்கிக் கால் நீட்டி நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முழுப் பயணமும் பகலிலேயே முடிகிறது. கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்.

வாப்பாவும் உம்மாவும் உம்றாவுக்குப் போகிறார்கள். விடிய இரண்டு மணிக்குப் பிளேன். பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டில் இருந்து வெளிக்கிட்டால் காணுமா? கொழும்புக்குள் போகாமல் கட்டுநாயக்கவுக்கு எந்த வழி?
— ஏறாவூர்

தம்பி, நேரம் காணும். ஆனால் அந்த நேரத்துக்கு வெளிக்கிடாதீர்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

மூன்று மணிக்கு ஏறாவூரில் எடுத்தால் ஆறு மணிக்கு எங்கே நிற்பீர்கள்? மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையில். செக்கல் பொழுதில் நிற்கக் கூடாத இடம் என்று ஒன்றை நான் சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்வேன். ஒரு முறை இதே மாதிரி விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபோது, வழியில் ரயர் காற்றுப் போய் ஒரு மணித்தியாலம் தாமதமாகிவிட்டது. அந்தக் காட்டுத் துண்டில் போய்ச் சேர இருட்டிவிட்டது. முன்னால் போன லொறி பிரேக் அடித்து நின்றது. அதற்கு முன்னால் ஒரு தனியன் யானை. வலது பக்கக் காட்டுக்குள் இன்னும் நிற்கின்றன என்பது கிளை முறிகிற சத்தத்தில் தெரிந்தது. லைட்டைத் தாழ்த்திவிட்டு, ஹோன் அடிக்காமல், நாற்பது நிமிடம் அப்படியே இருந்தோம். பின் சீட்டில் இருந்த கிழவி செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தா. பிளேனைப் பிடித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த நேரத்தில் அந்த றோட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நான் போனதில்லை. அந்தப் பக்கம் யானைகள் நம்மால் படுகிற பாடும் குறைவில்லை, 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஒரே இரவில் ஆறு யானைகள் செத்தன. இருட்டில் அந்தக் காட்டை அவற்றுக்கு விட்டுக்கொடுப்பதுதான் நமக்கும் நல்லது, அவற்றுக்கும் நல்லது.

ஆகவே காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிடுங்கள். லுஹரைப் பொலன்னறுவைப் பக்கம், கதுறுவெலயில் தொழுதுவிட்டு, பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்குள் ஹபரணையைத் தாண்டிவிடுங்கள். குருநாகலுக்கு நாலு மணி. அங்கிருந்து கொழும்புப் பக்கம் திரும்பவே தேவையில்லை. நாரம்மல, கிரிஉல்ல, திவுலபிட்டிய, மினுவாங்கொடை, கட்டுநாயக்க. தென்னந்தோப்புகளுக்கு நடுவால் போகிற றோட்டு, அகலம் குறைவு, ஆனால் வழி தவற இடமில்லை. அல்லது குருநாகலில் மத்திய அதிவேகப் பாதையில் ஏறி மீரிகமவில் இறங்கித் திவுலபிட்டியவில் இதே றோட்டைப் பிடிக்கலாம். சிலர் கடவத்தை போய், வெளிச்சுற்று வட்டப் பாதையால் கெரவலப்பிட்டிக்கு வந்து, கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறச் சொல்வார்கள். 2019இல் அந்த இணைப்புத் திறந்த பிறகு அதுவும் முடியும், ஆனால் முதல் பதிலில் சொன்ன அதே கண்டி வீதி நெரிசல் இதிலும் வரும். கிழக்கில் இருந்து வருகிறவருக்கு மினுவாங்கொடை வழிதான் லேசு.

ஆறு மணிப் பக்கம் நீர்கொழும்பில் யாராவது சொந்தக்காரர் வீட்டிலோ ஒரு சின்ன அறையிலோ வாப்பாவும் உம்மாவும் கொஞ்சம் படுத்து எழும்பி, இஷாவும் தொழுதுவிட்டு, பத்தரைக்கு விமான நிலையத்துக்குப் போனால் உடம்பு அலுப்பில்லாமல் ஏறுவார்கள். அறைக்குக் கொடுக்கிற காசை வீண் செலவு என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு அந்தச் சாமத்திலேயே வானைத் திருப்பிக்கொண்டு வராதீர்கள். யானையைவிடப் பெரிய ஆபத்து அங்கே சாரதியின் தூக்கம். காலை ஒன்பதில் இருந்து ஓட்டியவர் விடிய மூன்று மணிக்குத் திரும்ப ஓட்டினால், கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். விமான நிலையம் போய்த் திரும்பிய வான்களைப் பற்றி நாம் கேள்விப்படுகிற கெட்ட செய்திகளில் பெரும்பாலானவை விடியற்காலைச் செய்திகள். படுத்து எழும்பி, விடிந்த பிறகு வாருங்கள்.

என்னிடம் மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. நானும் நண்பனும் முன்னேஸ்வரம் போக வேண்டும். ஹைவேயில் விடுவார்களா?
— வாழைச்சேனை

விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் எந்த அதிவேகப் பாதையிலும் அனுமதி இல்லை, வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், வாரியப்பொல, அங்கிருந்து நேரே முன்னேஸ்வரம் இருக்கிற சிலாபம். கொழும்பு உங்களுக்கு வழியிலேயே வராது. ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள், ஒரு இரவு சிலாபத்தில் தங்குங்கள். பின்னால் இருப்பவருக்கும் நல்ல ஹெல்மெட், கடன் வாங்கியதென்றாலும் அளவானதாக.

கூகுள் மேப் எப்போதும் ஒரே வழியைத்தான் காட்டுகிறது. நான் விரும்புகிற வழியால் அதை எப்படிக் கூட்டிப்போவது? ஒரு முறை அதை நம்பிப் போய் வயலுக்குள் நின்றோம்.
— அக்கரைப்பற்று

அது வேகமாகப் போகிற வழியைத் தேடும். உங்களுக்கு எது தோதான வழி என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் செய்ய வேண்டியது இடையில் ஊர்களைச் சேர்ப்பது. மட்டக்களப்பு என்று தொடங்கிக் காலி என்று முடித்தால் கொழும்பைச் சுற்றிய வழியைக் காட்டக்கூடும். இடையில் மொனராகலை, வெல்லவாய என்று இரண்டு நிறுத்தங்களைச் சேர்த்துவிட்டால் வேறு வழியில்லாமல் தெற்கால் காட்டும். ஹைவேக் காசு வேண்டாம் என்றால் கட்டணப் பாதையைத் தவிர்க்கிற தெரிவும் அதில் இருக்கிறது, மோட்டார் சைக்கிள்காரர் அதை எப்போதும் போட்டு வைக்கலாம்.

காட்டுத் துண்டுகளில் சிக்னல் விட்டுப்போகும். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் வீட்டிலேயே வரைபடத்தை போனில் இறக்கி வைத்துவிடுங்கள். அப்புறம், பத்து நிமிடம் மிச்சம் என்று சொல்லிப் பெரிய றோட்டை விட்டு இறக்கப் பார்க்கும், அப்போது பெயர் தெரியாத வழிக்குத் திரும்பாதீர்கள். அது வாய்க்கால் கட்டாக இருக்கும், குளத்துக் கட்டாக இருக்கும், மழை பெய்திருந்தால் சேறாக இருக்கும். சந்தியில் நின்று ஒரு ஆட்டோக்காரரைக் கேளுங்கள். எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கையைக் காட்டினால் பிபிலையிலும் மொனராகலையிலும் யாரும் எனக்கு வழி சொல்லாமல் விட்டதில்லை. ஒருவர் சைக்கிளில் ஒரு கட்டை தூரம் முன்னால் ஓடிக் காட்டிவிட்டே போனார்.

மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. பெட்டி, மெத்தை எல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கண்டி டவுனுக்குள் போகாமல் பேராதனைக்குப் போக வழி உண்டா? பெரஹரா காலமாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

முதலில் மகளுக்கு எங்கள் வாழ்த்து அம்மா, சந்தோஷமாக இருக்கிறது.

நம்மவர்கள் வழக்கமாகப் போவது மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை, அங்கிருந்து பதினெட்டு வளைவு ஏறி, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய, திகன வழியாகக் கண்டி. தூரம் குறைவு. ஆனால் அந்த வழியால் கண்டிக்குக் கிழக்கில் இருந்து வருகிறீர்கள், பேராதனை கண்டிக்கு மேற்கில், ஆகவே டவுனைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். ஆடி ஆவணியில் எசல பெரஹரா நாட்கள் என்றால் பின்னேரமானதும் தலதா மாளிகையைச் சுற்றிய தெருக்களை மூடிவிடுவார்கள், மெத்தை கட்டிய வானோடு அங்கே மாட்டக்கூடாது.

டவுனைத் தொடாமல் போக இரண்டு வழி. ஒன்று, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், பொல்காவலை, கேகாலை, அங்கே கண்டி வீதியில் ஏறிக் கடுகண்ணாவ மலை ஏறினால் பேராதனைதான் முதலில் வரும், கண்டி அதற்கு அங்கால். சுற்றுத்தான், ஆனால் கடுகண்ணாவையைத் தவிர மலை இல்லை, பாரம் ஏற்றிய வாகனத்துக்கு அது நல்லது.

மற்றது, நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். செங்கலடிச் சந்தியில் தொடங்குகிற நமது பதுளை வீதி இருக்கிறதே, அதற்கு ஏ5 என்று பெயர். அது பதுளையோடு முடிவதில்லை. வெலிமடை, நுவரெலியா, கம்பளை என்று போய்ப் பேராதனையில்தான் முடிகிறது, சுமார் 275 கிலோமீட்டர். செங்கலடியில் ஏறிய றோட்டை விடாமல் பிடித்துக்கொண்டே போனால் உங்கள் மகளின் பல்கலைக்கழகத்தருகில் இறங்கலாம், கண்டி கண்ணிலும் படாது. அந்த றோட்டு போர்க்காலத்தில் நமக்கு எத்தனை வருடம் மூடிக் கிடந்தது என்பதை உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரடியனாறு, புல்லுமலை தாண்டிப் போனவர்கள் அப்போது யார்? இப்போது அகலமாக்கிப் போட்டிருக்கிறார்கள். நான் அந்த வழியால் போகிற ஒவ்வொரு முறையும் புல்லுமலையில் இறங்கி ஒரு பிளேன்டீ குடிக்காமல் போவதில்லை.

ஆனால் பெட்டி மெத்தையோடு போகிற முதல் பயணத்துக்கு அதைச் சொல்லமாட்டேன். லுணுகலை, பசறை, பதுளை, நுவரெலியா, ரம்பொடை எல்லாம் ஏற்றமும் இறக்கமும் வளைவும். பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் 13ஆம் கட்டையில் 2021 மார்ச்சில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து எத்தனை குடும்பம் அழிந்தது என்பது நினைவிருக்கும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற சாரதியோடு அந்த றோட்டில் ஏறவே கூடாது. ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கார்த்திகை, மார்கழி மழையில் மண்சரிவும் வரும், அந்த மாதங்களில் வெளிக்கிடும் முன் 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் வழி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மகளின் முதல் விடுமுறைக்கு, பாரம் இல்லாத போது, வெயில் காலத்தில், அவளைக் கூட்டிவர அந்த வழியால் போங்கள். நுவரெலியாவில் ஒரு இரவு தங்கி, காலையில் சீதா எலியக் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஹக்கல வழியாக இறங்கி வரலாம். அவள் படிக்கிற இடத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நாட்டை அப்போது அவளும் பார்த்துவிடுவாள்.

கதிர்காமம் போக புத்தல வழி குறுக்கு என்கிறார்கள். போகலாமா?
— தம்பிலுவில்

பகலில் போகலாம். மொனராகலை, புத்தல, அங்கிருந்து யால காட்டோரத்தால் கதிர்காமம். திஸ்ஸமகாராமவால் சுற்றத் தேவையில்லை. ஆனால் அந்த றோட்டில் யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கும். அதைப் பழக்கியது நாம்தான், வாழைப்பழம், சோளம், நேர்த்திக்குக் கொண்டுபோன பழத்தட்டு என்று யன்னலால் எறிந்து எறிந்து. இப்போது கொடுக்காவிட்டால் தும்பிக்கையை உள்ளே விடுகின்றன. தயவுசெய்து ஒன்றும் கொடுக்காதீர்கள். யன்னலை மூடி, பழத்தைத் துணியால் மூடி, முன்னால் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, அது விலகும் வரை இருங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு புத்தலையில் நின்றால் அந்த வழியில் இறங்காதீர்கள், வெல்லவாய போய்ச் சுற்றிப் போங்கள், அல்லது புத்தலையில் தங்குங்கள். பாத யாத்திரை போகிற நம் அம்மாமார் குமணைக் காட்டுக்குள்ளால் எத்தனை நாள் நடக்கிறார்கள், வாகனத்தில் போகிற நமக்கு ஒரு இரவு பொறுக்கக் கூடாதா?

ஹைவேயில் முதல் தடவை ஓட்டப்போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? வழியில் ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது?
— ஆரையம்பதி

நுழைகிற வாசலில் சீட்டுத் தருவார்கள், இறங்குகிற வாசலில் அதைக் கொடுத்துக் காசு கட்ட வேண்டும். சீட்டைத் தொலைக்காதீர்கள், சில்லறைத் தாள்களை எடுக்கத் தோதாக வையுங்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மழை என்றால் அதிலும் நன்றாகக் குறைக்க வேண்டும். ஏறுவதற்கு முன் ரயர்க் காற்றைப் பார்த்துவிடுங்கள், நம்முடைய ஊர் றோட்டில் 50இல் ஓடும்போது தெரியாத பழைய ரயரின் குறை அங்கே தெரிந்துவிடும். பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் பெல்ட் போடுங்கள். இறங்க வேண்டிய வாசல் தவறிவிட்டால் பின்னால் எடுக்கவே கூடாது, அடுத்த வாசல் வரை போய் இறங்கித் திரும்பி வாருங்கள். ஆபத்து என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. பொலிஸ் 119. இரண்டையும் எழுதிச் சாரதிக்கு முன்னால் ஒட்டிவிடுங்கள்.

நாங்களும் காலிக்குத்தான். சொந்தக்காரருக்குத் தயிர்ச் சட்டி கொண்டுபோக ஆசை. அவ்வளவு தூரம் தாங்குமா?
— மண்டூர்

முதல் நாள் பின்னேரம் உறைந்த தயிரை விடியக் காலையில் ஏற்றினால் தாங்கும். சட்டியைச் சீட்டில் வைக்காதீர்கள். பழைய சாக்கைச் சும்மாடு மாதிரிச் சுற்றிக் கால் வைக்கிற இடத்தில் போட்டு, அதில் சட்டியை இருத்தி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டுங்கள். எஞ்சின் சூடு படாத பின் பக்கமாகப் பார்த்து வையுங்கள். வெல்லவாயக்கும் தணமல்விலவுக்கும் இடையில் வெயில் ஏறும், அதற்கு முன் மொனராகலையில் சாப்பிட நிற்கும்போது வானை நிழலில் விடுங்கள்.